காலுறையைத் தேடுவது யார் வேலை? பிள்ளைகளிடம் பொறுப்பை ஒப்படைத்து அம்மாவின் சோர்வைக் குறைக்கும் வழி

பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் காலை ஆறரை மணிக்கும் எட்டேகாலுக்கும் இடையில் என்ன செய்தீர்கள் என்று ஓர் அம்மாவைக் கேட்டால், இட்லி ஊற்றியதையும் சட்னி அரைத்ததையும் மதிய உணவு கட்டியதையும் தலை பின்னிவிட்டதையும் சொல்வார். அவர் சொல்லாமல் விடுவது வேறொன்று. இன்று வியாழக்கிழமை என்பதால் வெள்ளைச் சீருடை, சின்னவனுக்கு ஓவிய வகுப்பு இருப்பதால் வண்ணப் பெட்டி, பெரியவளின் டைரியில் போடாமல் விட்ட கையெழுத்து, நாளைக்குள் கட்ட வேண்டிய வேன் கட்டணம், தண்ணீர் பாட்டிலின் மூடி கசிகிறது என்ற கவலை ஆகிய அனைத்தும் மாவு ஊற்றும் நேரத்திலேயே அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. வேன் கிளம்பியதும் கை ஓய்ந்துவிடும், ஆனால் அந்த ஓட்டம் ஓயாது.

வீட்டு வேலையில் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பகுதியை அமெரிக்கச் சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் நான்காகப் பிரித்துக் காட்டினார்: தேவையை முன்கூட்டியே உணர்வது, அதற்கான வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, முடிவு நடந்தேறியதா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் கணவனும் மனைவியும் ஏறக்குறையச் சமமாகப் பங்கெடுக்கிறார்கள் என்றும், முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்ணின் தலையிலேயே விழுகின்றன என்றும் அவர் கண்டார்.

பிள்ளைகளைத் தற்சார்புடன் வளர்த்தால் அம்மாவின் சுமை குறையும் என்பது எல்லோரும் சொல்வதுதான். இருந்தும் பல வீடுகளில் பிள்ளை வேலை செய்கிறது, அம்மாவின் சுமை மட்டும் குறைவதில்லை. காரணம் எளிது: சொன்னால் செய்கிற பிள்ளையின் வேலையை நினைவில் வைத்திருப்பவரும், மூன்று முறை சொல்பவரும், முடிந்ததா என்று பார்ப்பவரும் அம்மாவாகவே இருக்கிறார். பிள்ளையிடம் போவது கைவேலை மட்டும்தான். வேலையை அதைப் பற்றிய நினைவோடு சேர்த்து ஒப்படைப்பது எப்படி என்பதைத்தான் இந்த வழிகாட்டி சொல்ல முயல்கிறது.

முதலில், இது எந்தச் சோர்வு என்று பாருங்கள்

முற்றிலும் சோர்ந்துபோகும் நிலையைக் குறிக்கும் 'பர்ன்அவுட்' என்ற சொல்லை உலக சுகாதார அமைப்பு தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் பணியிடத்துக்கு மட்டும் உரியதாகவே வரையறுத்திருக்கிறது, ஆகவே அம்மாக்களின் சோர்வுக்கு அதில் இடமில்லை. ஆனால் பெல்ஜியத்தின் லூவென் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இசபெல் ரோஸ்காமும் மொய்ரா மிகோலாய்சாக்கும் பெற்றோருக்கு வரும் இந்த நிலையைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து, அதற்கு நான்கு அடையாளங்களைத் தந்திருக்கிறார்கள். தாய் என்ற பொறுப்பை நினைத்தாலே உடலும் மனமும் தளர்ந்துவிடுவது, 'முன்பெல்லாம் நான் இப்படிப்பட்ட அம்மாவாக இல்லையே' என்று தோன்றுவது, பிள்ளைகளோடு இருப்பதில் முன்பிருந்த மகிழ்ச்சி போய் வெறுப்புத் தட்டுவது, சோறு போட்டு உடை மாற்றிவிட்டாலும் மனத்தளவில் அவர்களிடமிருந்து விலகி நிற்பது ஆகியவையே அவை. 42 நாடுகளில் 17,000-க்கும் மேற்பட்ட பெற்றோரிடம் நடத்தி 2021-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், தனிமனிதப் போக்கு மேலோங்கிய மேற்கு நாடுகளில்தான் இச்சோர்வு அதிகமாகக் காணப்பட்டது. நம் ஊரில் அத்தைகளும் சித்திகளும் சேர்ந்து பார்த்துக்கொண்ட பிள்ளையை இரண்டு அறை கொண்ட அடுக்ககத்தில் ஒருத்தி தனியாகப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியிருக்கும் காலத்தில், அந்த முடிவை நாம் சற்று நின்று யோசிக்கத்தான் வேண்டும்.

இரண்டு வாரங்களுக்கு மேலாகத் துக்கம் அகலாமல் இருந்தாலோ, உறக்கமும் பசியும் கெட்டிருந்தாலோ, குழந்தை பிறந்து ஓராண்டுக்குள் இந்த நிலை வந்திருந்தாலோ, தன்னையோ குழந்தையையோ துன்புறுத்தும் எண்ணம் ஒருமுறை எழுந்திருந்தாலோகூட, இந்தக் கட்டுரை அதற்கு மருந்தாகாது. மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

ஒரு காலை முழுவதும் எண்ணிப் பாருங்கள்

ஒரு பள்ளி நாளில், எழுந்ததிலிருந்து வேன் கிளம்பும் வரை, 'அம்மா' என்ற அழைப்பு எத்தனை முறை வருகிறது என்பதையும், 'பல் தேய்த்தாயா', 'பையை எடு', 'சீக்கிரம்' என்று நீங்கள் எத்தனை முறை நினைவூட்டுகிறீர்கள் என்பதையும் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கோடு போட்டு எண்ணுங்கள். நான் எண்ணிய அன்று ஐம்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். அவற்றில் நெருப்போ கத்தியோ மருந்தோ சம்பந்தப்பட்டு உண்மையிலேயே பெரியவர் தேவைப்பட்டவை ஆறேழுக்கு மேல் இல்லை. காலுறை எங்கே, பென்சில் பெட்டி எங்கே, இன்று என்ன சீருடை என்பவையே மீதி.

அந்தக் கோடுகளுக்குள்ளிருந்து, உங்களை அதிகம் எரிச்சலூட்டுகிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைக்கு எது எளிது என்று பார்த்துத் தொடங்கும்படிதான் வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது பிள்ளைக்கு எளிதுதான், ஆனால் அதனால் உங்கள் காலைப்பொழுது சற்றும் இலேசாகாது. தொடங்கும் நாளைப் பள்ளி விடுமுறையின் கடைசி இரண்டு வாரங்களில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் கற்றுக்கொடுக்கும் காலத்தில் வேலை குறையாது, கூடும். நீங்கள் இரண்டு நிமிடத்தில் முடிப்பதைப் பிள்ளை பன்னிரண்டு நிமிடம் செய்வதை வேன் காத்திருக்கும் காலையில் பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது.

முழு வேலையாக ஒப்படையுங்கள்

தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்வோம். 'பாட்டிலில் தண்ணீர் பிடி' என்று சொன்னால், சொல்லும் வேலை உங்களுடையதாகவே இருக்கிறது. மாலையில் பையிலிருந்து பாட்டிலை எடுப்பது, மிச்சத் தண்ணீரைச் செடியில் ஊற்றுவது, கழுவிக் கவிழ்ப்பது, காலையில் நிரப்புவது, மூடியை இறுக்கித் தலைகீழாகப் பிடித்துக் கசிவு இல்லை என்று பார்ப்பது, பையின் பக்கவாட்டில் செருகுவது, மூடி தளர்ந்துபோனால் 'புது மூடி வேண்டும்' என்று வந்து சொல்வது ஆகிய ஏழும் சேர்ந்ததுதான் 'தண்ணீர் பாட்டில்' என்ற வேலை. ஆறேழு வயதுப் பிள்ளையால் இதை முழுவதும் ஏற்க முடியும். இந்த ஏழாவது பகுதியைப் பிள்ளை தானாகச் செய்யும் நாளில்தான் அந்த வேலை உங்கள் தலையை விட்டு இறங்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.

ஆனால் இருபது லிட்டர் கேனைச் சாய்த்துப் பிள்ளையால் தண்ணீர் பிடிக்க முடியாது. அதற்குக் குழாய் வைத்த சிறிய பாத்திரம் ஒன்று அதன் உயரத்துக்கு ஏற்ற இடத்தில் இருக்க வேண்டும். பிள்ளையின் கைக்கும் கண்ணுக்கும் ஏற்ப வீட்டை அமைப்பது என்ற இந்த எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதால், சில மாதங்களுக்கென்று வந்தவர் இந்தியாவிலேயே தங்க நேர்ந்து, பிறகு கொடைக்கானலிலும் பணியாற்றினார். தண்ணீரை ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றுவது, பொத்தான் போடுவது, தரை துடைப்பது போன்ற அன்றாடச் செயல்களையே அவர் பாடமாக வைத்தார். அதற்கு விலையுயர்ந்த பள்ளியோ மரப் பொருள்களோ தேவையில்லை. பிள்ளையின் தோள் உயரத்தில் இரண்டு ஆணி, அலமாரியின் கீழ்த்தட்டு, காலுறைகளுக்கென ஒரு பழைய பிளாஸ்டிக் கூடை, கண்மட்டத்தில் ஒட்டிய பாட வேளை அட்டவணை ஆகியவை போதும். படிக்கத் தெரியாத வயதானால் அட்டவணைக்குப் பதில் படம் வரைந்து ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் காலுறை தேடும் படலம் முடிவுக்கு வந்தது அறிவுரையால் அன்று, அந்தக் கூடையால்தான்.

கற்றுக்கொடுப்பதில் இரண்டு நுட்பங்கள் உதவும். ஒன்று, படிப்படியாகக் கையை விலக்குவது: முதலில் நீங்கள் செய்யப் பிள்ளை பார்க்கும், பிறகு இருவரும் சேர்ந்து செய்வீர்கள், அதன்பின் பிள்ளை செய்ய நீங்கள் பார்ப்பீர்கள், கடைசியில் பிள்ளை செய்யும்போது நீங்கள் அடுத்த அறையில் இருப்பீர்கள். மூன்றாம் படியிலிருந்து நான்காம் படிக்குப் போவதில்தான் பெரும்பாலான அம்மாக்கள் மாட்டிக்கொள்கிறோம். பார்த்துக்கொண்டு நின்றால் வாய் திறக்காமல் இருக்க முடிவதில்லை. ஆகவே உண்மையாகவே அறையை விட்டுப் போய்விடுங்கள். மற்றொன்று, கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொடுப்பது. சட்டைப் பொத்தான்களை நீங்களே போட்டுவிட்டு, பிள்ளையின் கண்ணுக்கு எளிதில் தெரிகிற அடிப் பொத்தானை மட்டும் அதன் கைக்கு விடுங்கள். நான்கு நாள் கழித்துக் கடைசி இரண்டு, பிறகு மூன்று. ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தது தானே என்ற நிறைவு பிள்ளைக்குக் கிடைப்பதால், பாதியில் அழுது விட்டுவிடும் தொல்லை குறையும். வளர்ச்சியில் தாமதமுள்ள குழந்தைகளுக்கும் செயல்முறைச் சிகிச்சையாளர்கள் இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

சோறு

நம் வீடுகளில் இது தனித் தலைப்புக்கு உரியது. ஏழு, எட்டு வயது வரை ஊட்டிவிடுவதும், அதற்குக் கைப்பேசியில் காணொளி ஓடவிடுவதும், ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு மணி நேரம் தட்டோடு பின்னால் நடப்பதும் இன்று மிகச் சாதாரணமாகிவிட்டன. ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்று வைத்தாலும் இரண்டு மணி நேரம் போகிறது. ஒரு வயதை ஒட்டியே குழந்தையின் விரல்கள் சோற்றுப் பருக்கையை எடுக்கத் தயாராகிவிடுகின்றன. தயாராகாமல் இருப்பது பெரும்பாலும் நம் மனம்தான்: போதுமான அளவு சாப்பிடாது என்ற பயம், தரையெல்லாம் சிந்தும் என்ற எரிச்சல், ஊட்டினால்தான் பாசம் என்ற எண்ணம்.

இவற்றில் பயம் மட்டுமே பொருட்படுத்தத்தக்கது. அதற்கு ஓர் எல்லைக்கோடு உதவும்: என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து உண்பது என்பவை உங்கள் முடிவு; எவ்வளவு உண்பது என்பது பிள்ளையின் முடிவு. வழக்கமாக ஊட்டும் அளவில் பாதியைத் தட்டில் வையுங்கள், கேட்டால் மேலும் போடலாம். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், திட்ட வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். அடுத்த வேளை வரை பிஸ்கட்டும் முறுக்கும் இடையில் வரக்கூடாது. இதில் வீட்டிலுள்ள அனைவரும் ஒத்துழைக்காவிட்டால் மொத்தமும் கெட்டுவிடும். முதல் வாரம் பிள்ளை குறைவாகத்தான் உண்ணும். எடை குறைவான குழந்தை, நோயிலிருந்து தேறிவரும் குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வீட்டில் பாட்டி இருந்தால், அவரை எதிர்த்து இதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஊட்டுவது அவருக்குப் பேரப்பிள்ளையோடு உள்ள உறவு. அந்த உறவைப் பறிக்காமல் வேறு வடிவம் கொடுக்க வேண்டும். "அத்தை, இன்னைக்கு அவனே எடுத்துச் சாப்பிடட்டும். நீங்க பக்கத்துல உக்காந்து அந்த நரிக் கதையைச் சொல்லுங்க, உங்க கதைன்னா அவன் எழுந்திரிக்கவே மாட்டான்" என்று சொல்லிப் பாருங்கள். கதை ஓடும்போது கை தானாக வாய்க்குப் போகும், கைப்பேசியும் தேவைப்படாது. 'பச்சைப் பிள்ளையை வேலை வாங்குகிறாள்' என்ற பேச்சு எப்படியும் ஒருநாள் வரும். அதற்கு அன்றே பதில் சொல்ல வேண்டியதில்லை.

மறந்துபோனால்

பொறுப்பை ஒப்படைத்த பிறகு பிள்ளை மறக்கும். ஓவிய நோட்டை விட்டுவிட்டுப் போகும், ஆசிரியர் கண்டிப்பார். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு இரு சக்கர வண்டியில் பள்ளி வாசலுக்கு ஓடுவதை நிறுத்துவதுதான் இந்த முறையிலேயே கடினமான பகுதி. ஓடினால், நினைவில் வைத்திருக்கும் வேலை மறுபடியும் உங்களிடமே திரும்பிவிடும். இதில் என் கணக்கு இப்படி: உணவு, கண்ணாடி, மருந்து, தேர்வுக்கான அனுமதிச்சீட்டு என்றால் கொண்டுபோய்க் கொடுப்பேன், நோட்டு, வண்ணப் பெட்டி, இடுப்புப் பட்டை, அடையாள அட்டை என்றால் கொடுக்க மாட்டேன். மாலையில் 'நான்தான் சொன்னேனே' என்று தொடங்காமல், "நாளைக்கு மறக்காம இருக்க என்ன பண்ணலாம்?" என்று மட்டும் கேளுங்கள். கதவில் சீட்டு ஒட்டலாம் என்று பிள்ளையே சொல்லும். அந்தச் சீட்டை எழுதுவதும் பிள்ளைதான். வாட்ஸாப் குழுவில் வீட்டுப்பாடம் வருகிற வகுப்புகளில், அதைப் பார்த்துப் பிள்ளையின் டைரியில் எழுதித் தருவதை நிறுத்திவிட்டு, மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் கைப்பேசியைக் கொடுத்துப் பிள்ளையையே பார்த்து எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து இது இயலும்.

காசோ சாக்லேட்டோ கொடுத்துப் பழக்க வேண்டாம். ஒன்றரை வயதுக் குழந்தைகளே, கை எட்டாமல் தவிக்கும் அந்நியருக்குத் தாமாகப் பொருளை எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பதை உளவியலாளர்கள் ஃபெலிக்ஸ் வார்னெக்கெனும் மைக்கேல் டொமசெல்லோவும் 2006-இல் காட்டினார்கள். அப்படி உதவியதற்குப் பொருளைப் பரிசாகப் பெற்ற குழந்தைகள் பின்னர் உதவுவது குறைந்தது என்பது அவர்களின் 2008 ஆய்வில் தெரிந்தது. இரண்டு வயதில் துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு 'நானு, நானு' என்று நிற்கும் குழந்தையை 'போய் விளையாடு' என்று விரட்டிவிட்டுப் பத்து வயதில் உதவவில்லை என்று நொந்துகொள்வது நம்மில் பலர் செய்ததுதான்.

வயதுக் கணக்கு சுருக்கமாக இது. இரண்டு, மூன்று வயதில் எவர்சில்வர் தட்டைக் கழுவும் தொட்டியருகே வைப்பதும் அழுக்குத் துணியை வாளியில் போடுவதும் முடியும். நான்கு, ஐந்தில் உடை மாற்றுவதும் கழிவறையில் தானே கழுவிக்கொள்வதும் வரும். ஆறிலிருந்து எட்டுக்குள் பள்ளிப் பை, குளியல், மாலையில் டிஃபன் பாக்ஸைத் திறந்து அலசி வைப்பது ஆகியவை. காய்ந்த சாம்பார் சாதத்தை இரவு பத்து மணிக்குச் சுரண்டியவருக்கு இந்தக் கடைசி வேலையின் அருமை தெரியும். ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் கீரை ஆய்வது, துணி மடிப்பது, பெரிய சாலையைக் கடக்கத் தேவையில்லாத தெருக் கடையில் தயிர் வாங்கி வருவது. பன்னிரண்டுக்கு மேல், பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கும்போது, தோசை. குக்கரும் கொதிக்கும் எண்ணெயும் அதற்கும் பிறகுதான். வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் கம்பியைப் பிள்ளை எந்த வயதிலும் தொட வேண்டாம், வெந்நீரை விளாவி வைப்பது பெரியவர் வேலையாகவே இருக்கட்டும். இரட்டைப் பின்னலைத் தானே போட்டுக்கொள்ளப் பத்து வயதாவது ஆகும். அதுவரை அரைமணியை மிச்சப்படுத்த விரும்பினால், முடியைக் குட்டையாக வெட்டலாமா என்று மகளிடமே கேளுங்கள்.

மகனுக்கும் இதே கணக்குதான்

2024-ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடமும், ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகிறார்கள். 2019-இல் இது 299-உம் 97-உம் ஆக இருந்தது, அதாவது ஈடுபடும் ஆண்கள் செலவிடும் நேரம் கூடவில்லை, குறைந்தே இருக்கிறது. அம்மாவின் சோர்வைக் குறைக்கும் முயற்சியில் தட்டுக் கழுவும் வேலை மகளுக்கும் கடைக்குப் போகும் வேலை மகனுக்கும் என்று பிரிந்துவிட்டால், சுமை ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு சிறு பெண்ணுக்கு மாறியதாகவே ஆகும். வேலைகளை மாதம் ஒருமுறை மாற்றிவிடுங்கள். அப்பாவின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். தன் தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுகிற அப்பாவைப் பார்க்கும் மகனுக்கு நீங்கள் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது.

பிள்ளையிடம் ஒப்படைக்கக் கூடாதவையும் உண்டு. தம்பியை நாள் முழுவதும் பார்த்துக்கொள்வது, வீட்டுக் கடனைப் பற்றிய கவலை, அப்பாவோடு உங்களுக்குள்ள மனத்தாங்கல், உங்கள் அழுகைக்கு ஆறுதல் சொல்வது ஆகியவை எந்த வயதுப் பிள்ளையின் பொறுப்பும் அல்ல. தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாக்கள் மூத்த பிள்ளையைத் துணையாக ஆக்கிக்கொள்வது இயல்பாக நடந்துவிடும் என்பதால், அவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்; அந்தப் பேச்சுக்கு அக்காவோ தோழியோ பக்கத்து வீட்டுக்காரரோ வேண்டும்.

ஒரு வேலை உங்கள் தலையை விட்டு இறங்கி, காலையில் இருபது நிமிடம் மிஞ்சத் தொடங்கும்போது, கை தானாகக் குளிர்சாதனப் பெட்டியைத் துடைக்கப் போகும். அந்த இருபது நிமிடத்தில் உட்கார்ந்து சூடு ஆறுவதற்குள் காப்பியைக் குடியுங்கள், அல்லது சும்மா இருங்கள். பிள்ளை மடித்த துணி கோணலாக இருந்தால், அது பார்க்காத நேரத்தில் எடுத்துத் திரும்ப மடிக்காதீர்கள், கண்டுபிடித்துவிடும். ஒரு வேலை பழகி மூன்று வாரம் ஆன பிறகுதான் அடுத்ததைத் தொடங்க வேண்டும். காய்ச்சல், தேர்வு, ஊர்த் திருவிழா என்று ஏதாவது வந்து எல்லாம் பழையபடி ஆகிவிட்டால், விட்ட இடத்திலிருந்து அனைத்தையும் ஒரே நாளில் பிடிக்கப் போகாமல், தண்ணீர் பாட்டிலிலிருந்து மறுபடி தொடங்குங்கள். இரண்டாம் முறை நான்கைந்து நாளில் கைக்கு வந்துவிடும்.